மாடிக் கீரைக்கு மீன் கரைசல்

9 ஜூலை 2025, புதன்

மாடியில் கூட்டாகக் கீரை வளர்க்கும் நாங்கள் நாலு பேரும் உரத்துக்கான மீன் கரைசல் டிரம்மை இன்று திறந்தோம். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, இருபத்தொரு நாள் மூடி வைக்க வேண்டும் — பயிற்சி வகுப்பில் நான்தான் எழுதி வந்தேன். போன மாதம் டிரம் போட்டபோது, காசிமேட்டில் மீன் விற்கும் கீழ்வீட்டுக் குப்பம்மா அக்கா கழிவு கொண்டு வந்தார். எதிர்வீட்டு ரேச்சல் வெல்லம் தட்டினாள். எங்களில் மூத்த அன்புக்கரசி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

பழ வாசனை வரும் என்று குறிப்பில் இருக்கிறது. வந்ததோ கருவாட்டு வாசனை. மீன்காரர்கள் வாழும் எங்கள் காலடிப்பேட்டையில் அது யாருக்குக் குறையாகப் படும்? எல்லோரும் ஆழமாக இழுத்துவிட்டு, “நல்லாத்தான் கீது” என்றார்கள்.

13 ஜூலை, ஞாயிறு

வாராந்திரக் கூட்டம். ஒவ்வொருத்தியும் அந்த வாரம் தொட்டிக்கு என்ன செய்தாள் என்று சொல்லவேண்டும். முடிக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது. அந்த ஒரு விதியை மட்டும் எங்களால் காப்பாற்றவே முடியவில்லை.

கணவர் திலீப் துறைமுக வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நானும் குழந்தை மதியும்தான். அவள் இருமினால் போதும், புகை, தூசு, தண்ணீர் என்று வரிசையாகப் பயப்படுவேன். ஜன்னலைத் திறப்பதே இல்லை. இந்த மாடிக்கு வந்தபிறகுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறேன். இது நின்றுவிட்டால் மறுபடி அந்த மூடிய ஜன்னல்தான்.

22 ஜூலை, செவ்வாய்

கரைசல் ஊற்றிய கீரையில் இலை ஓரமெல்லாம் பழுப்பு. வெயிலாக இருக்கும்.

24 ஜூலை, வியாழன்

வெயில் இல்லை. முப்பத்திரண்டு தொட்டியும் ஒரே மாதிரி கருகியிருக்கிறது.

“படிச்ச பொண்ணு சொல்லிச்சேன்னு ஊத்துனோம். ஞாயித்துக்கெழம எல்லாத் தொட்டியையும் கீழ எறக்கிடலாம், பேஜாரு வுட்டுது” என்றார் அன்புக்கரசி அக்கா. ரேச்சல் என் முகத்தையே பார்க்கவில்லை. குப்பம்மா அக்கா மட்டும், “வுடுடி, செடிதானே” என்றார்.

செடி மட்டுமா? பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சிட்டு ஒரு அளவு ஒழுங்கா எழுதத் தெரியல எனக்கு. நானே கெடுத்துட்டேன். எல்லாத்தையும்.

25 ஜூலை

ஒரு லிட்டர் தண்ணீருக்கு இருபது மில்லி கரைசல். பத்து முறை பார்த்தாயிற்று. சரிதானே? சரியென்றால் ஏன்?

26 ஜூலை, சனி

துணி உலர்த்தத் திரும்பிய நேரத்தில் மதி தொட்டி மண்ணில் விரலை வைத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஓடிப்போய் வாயைக் கழுவினேன். கத்தினேன். அவளோ முகத்தைச் சுளித்து, “உப்பு” என்றாள்.

ரெண்டு வயசுக்கு அவளுக்குத் தெரிந்த சுவை நாலைந்துதான். உப்பும் அதில் ஒன்று.

அப்போதுதான் பார்த்தேன். காய்ந்த மண்மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பேதான். வெல்லத்தில் ஏது உப்பு? அப்படியானால் கழிவில்தான். ஆனால் இதைக் குப்பம்மா அக்காவிடம் எப்படிக் கேட்பேன்? எல்லோர் முன்னாலும் எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்.

27 ஜூலை, ஞாயிறு

கேட்கவில்லை. “எறக்குறதுக்கு முன்னாடி, டிரம் போட்ட கதைய ஆளுக்கொரு தடவ மொதல்லேர்ந்து சொல்லிடலாம்கா” என்றேன். முதலில் நான் சொன்னேன். பிறகு ரேச்சல். அடுத்து குப்பம்மா அக்கா.

“நானு இன்னா பண்ணேன்? ஒரே நாள்ல அவ்ளோ கழிவு கெடைக்குமா? மூணு நாளு சேத்தேன். நாறிப்பூடுமேன்னு தெனம் கல்லுப்பு போட்டு பெசறி வெச்சேன்…”

முதல்முறையாக யாரும் குறுக்கே பேசவில்லை. அவரே நிறுத்தினார். மாடியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“அடிப்பாவி, நாந்தானா?”

“மீந்த மீனுக்கு உப்பு போடாத கை உன் வூட்ல ஏது?” என்றார் அன்புக்கரசி அக்கா. “கீரைய நிக்க வெச்சே கருவாடு போட்டுகினு, எம்மாம் அமுக்கமா குந்தினுகீறா பாரு!”

முதலில் சிரித்தது குப்பம்மா அக்காதான். ரேச்சலுக்குப் புரையேறிவிட்டது. பிறகு அன்புக்கரசி அக்கா என் தலையில் லேசாகக் குட்டி, “படிச்ச பொண்ண வைதுட்டேன், மன்சுல வெச்சுக்காத” என்றார். அழுதுவிட்டேன். அழுதுகொண்டே சிரித்தேன்.

தொட்டிகள் இறங்கவில்லை.

30 ஜூலை

மூன்று நாளாகத் தொட்டிகளில் நல்ல தண்ணீர் ஊற்றி, அடித்துளை வழியே உப்பை வடியவிட்டோம். இடுப்பு போயிற்று. புது விதை தூவினோம். புது டிரம்முக்கு அன்றைய கழிவு, அன்றைக்கே. குப்பம்மா அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் மாடி ஏறினார். “சோதன பண்ணிக்கோ, உப்பு இல்ல!”

20 ஆகஸ்ட், புதன்

திறந்தோம். பலாப்பழம்! சத்தியமாகப் பலாப்பழ வாசனை!

“இதுவா மீனு?” என்று குப்பம்மா அக்காவுக்குச் சந்தேகம்.

27 ஆகஸ்ட்

கீரை பறித்தோம். வீட்டுக்கு இரண்டு கட்டு. கடைந்த கீரையைச் சோற்றில் பிசையவிடாமல் மதி வெறும் கையால் அள்ளித் தின்றாள். சட்டையெல்லாம் பச்சை. திலீப் படம் எடுத்துத் தன் ஷிப்ட்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

14 செப்டம்பர், ஞாயிறு

எண்ணூரிலிருந்து ஆறு பெண்கள் மாடித் தோட்டம் பார்க்க வந்தார்கள், அவர்களும் மீன்காரக் குடும்பங்கள். அளவெல்லாம் சொல்ல நான் நோட்டை எடுத்தேன். குப்பம்மா அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இரு, மொதல்ல நான் பண்ண கூத்த சொல்றேன். அத்த கேக்கலன்னா இவுங்களும் உப்பத்தான் போடுவாங்க.”

சொன்னார். நடித்துக் காட்டினார். அவர்களில் ஒருத்தி எழுந்து, “எக்கா, நாங்க போன வாரமே உப்பு போட்டுட்டோம்!” என்றதும் சிரிப்பில் மாடியே அதிர்ந்தது. அந்த டிரம்மை என்ன செய்யலாம் என்று பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசினோம்.

அரைமணி நேரம் கழித்துத்தான் கவனித்தேன், மதி என் பக்கத்தில் இல்லை. எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு எண்ணூர்க்காரி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொள்ளப் போகவில்லை. பேச்சைத் தொடர்ந்தேன்.