மூன்றாவது ஓலைக்கு முன்

இயேசு, மரி, சூசை துணை

ஹட்டன்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மகன் சிறிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் கர்த்தரின் கிருபையால் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் என் கண்ணைக் குற்றம் சொல்லாதே. நேற்று இரவு நான் தூங்கவில்லை. காரணம் கீழே வரும்.

பக்கத்து வீட்டு மிலான் நாளைக் காலை கட்டாருக்குப் புறப்படுகிறான். இந்தக் கடிதத்தை நாளை இரவே உன் அறைக்குக் கொண்டுவந்து கொடுப்பதாகத் தன் தாய் முன்னிலையில் எனக்கு வாக்குத் தந்திருக்கிறான். தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் கஷ்டமான கேள்வி ஒன்று கேட்டால் உன் பக்கத்தில் உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது.

நேற்று பாடசாலையில் உயர்தர வகுப்பின் பிரியாவிடை. அப்பாவின் பெயரில் நாம் கொடுக்கும் ஆங்கிலப் பரிசை இம்முறை அந்த விழாவிலேயே கொடுக்கலாம் என்று அதிபர் ஜனார்த்தனன் வீட்டுக்கு வந்து அழைத்தார். சாம்பல் நிறப் பட்டுச் சாரியைக் கட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் நடு நாற்காலி. நேரத்துக்குத் தொடங்கவில்லை. அதை நான் அதிபரிடம் சொல்லிவிட்டேன்.

முதலில் மாணவத் தலைவி ஒருத்தி மேடையேறி, "இன்னைக்கு ஒருநா மட்டும் சேர்மாரும் டீச்சர்மாரும் கோவிச்சுக்கக் கூடாது. நாளைக்குக் கோவிச்சாலும் எங்கள புடிக்க முடியாது, நாங்க போயிருவோம்" என்றாள். இது அங்கே வருடாவருடம் நடக்கும் வழக்கமாம். அதிபர் எழுந்து வலது கையை உயர்த்தி, கோபப்பட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக எழுந்து செய்தார்கள். பிரதம விருந்தினரும் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் கத்தினார்கள். நானும் கையை உயர்த்தினேன். எதற்காக உயர்த்துகிறேன் என்று தெரியாமல் நான் கை உயர்த்தியது என் வாழ்நாளில் அதுவே முதல் தடவை.

பிள்ளைகள் தங்கள் பள்ளி நாட்களை ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினார்கள். நன்றாகவே செய்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். உடைந்த ஜன்னலால் மூடுபனி உள்ளே வருமாம். கணித ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் வகுப்பே தெரியாதாம். பனி விலகும்போது பாதி வாங்குகளில் ஆளே இல்லையாம். அதைப் பார்த்து அந்த ஆசிரியரே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நான் பனியத்தான்டா இவ்வளவு நாளாத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னார். வட்டகொடையிலிருந்து வந்த ஒரு பெண், ரயில் பிந்திவிட்டது என்று தினமும் தாமதமாக வருவாளாம். ஹட்டனிலேயே சித்தி வீட்டில் தங்கிப் படிக்கத் தொடங்கிய பிறகும் ரயில்தான் பிந்தியதாம். அவளுக்கு அட்டையில் செய்த ரயில் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். பெருங்காற்றில் கூரைத்தகடு பறந்த நாளில் அவர்களின் வகுப்பாசிரியை ஒரு கையில் குடையும் மறு கையில் புத்தகமுமாக நின்று பாடத்தை முடித்தாளாம். "கூரதானே போச்சு, பரீட்ச போகலயே" என்றாளாம். அந்தப் பாத்திரத்தில் நடித்த பெண் இதைச் சொல்லும்போது குரல் உடைந்து அழுதுவிட்டாள். பிறகு மண்டபத்தில் பாதிப் பேர் அழுதார்கள்.

அந்த வகுப்பாசிரியை நிரோஜினி. பூண்டுலோயாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவரின் மகள். உனக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்பது அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. மூன்று வருடங்களுக்கு முன் நீ ஒருதரம் அந்தப் பெயரைச் சொன்னாய், நான் வேறு பேச்சுக்குப் போனேன். அதோடு அது முடிந்தது என்றிருந்தேன்.

கடைசி நிகழ்ச்சியின் பெயர் 'கலியாண ஓலை' என்று அறிவித்தார்கள்.

நிரோஷன் என்ற பையன் கட்டில் விரிப்பைப் போர்த்திக்கொண்டு, ஃபாதர் ஜூட்சனைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தான். கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்களே, அதுபோல ஒரு தாளை விரித்து வாசித்தான். அவன் வாசித்ததை அப்படியே எழுதுகிறேன். "ஹட்டன் பங்கைச் சேர்ந்தவரும், தற்சமயம் கட்டாரில் மணல் எண்ணிக்கொண்டிருப்பவரும், காலஞ்சென்ற தோட்டத்துப் பெரிய கிளாக்கர் தம்பையா, றோசலின் தம்பதிகளின் ஏக புதல்வருமாகிய சிறிலுக்கும், வீட்டுவேலை கொடுத்தே எங்களைக் கொன்ற நிரோஜினி டீச்சருக்கும் விவாகம் நடைபெற இருக்கிறது. தடை தெரிஞ்சவங்க இப்பவே சொல்லிருங்க. வந்து சாப்பிட்டுட்டு அப்புறம் சொல்லக் கூடாது."

மண்டபம் இடிந்துவிழுவதுபோலச் சிரித்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உன் பெயரையும் அப்பாவின் பெயரையும் என் பெயரையும் வேறு யாருடைய பெயர்களோ போல நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மண்டபத்தின் பின்பக்கமிருந்து நான் நடந்து வந்தேன். ஆம், நானேதான். சாம்பல் நிறச் சாரி, கறுப்புக் குடை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. துஷாந்த் என்ற பையன். முகத்தில் அப்பியிருந்த பவுடரைத் தவிர மற்றதெல்லாம் சரி. நான் அப்படித்தான் நடக்கிறேன் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"ஃபாதர், ஒரு தடை இருக்கு" என்றான். "பொண்ணு தேத்தண்ணிய உறிஞ்சிக் குடிக்குதுன்னு கேள்வி."

"அது தடையில சேராதுங்க, கிளாக்கரம்மா."

"அப்ப நீங்க வாசிச்ச ஓலையில ரெண்டு எடத்துல நிறுத்தல. மொதல்லேருந்து வாசிங்க."

இப்படி இன்னும் கொஞ்ச நேரம் போனது. பிறகு அவன் மணப்பெண்ணாக நின்ற பிள்ளையிடம் போய்க் குடையை விரித்து, "வா மகளே, மழ வருது, சாரி நனைஞ்சிரும்" என்று தன்னோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போனான். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மேடையைப் பார்த்து இல்லை, சிறில். என்னைப் பார்த்து.

பக்கத்திலிருந்த அதிபர் குனிந்து, "ரெண்டு ஓல வாசிச்சாச்சு, வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது, இல்லீங்களாம்மா? ரொம்ப சந்தோஷம்ங்க" என்றார். நான் "நன்றி" என்றேன். வேறு என்ன சொல்வது?

எப்படி எனக்குத் தெரியாமல் போனது என்று அந்த நாற்காலியில் இருந்தபடியே கண்டுபிடித்துவிட்டேன். நான் ஞாயிறு காலை ஆங்கிலப் பூசைக்குப் போகிறவள். ஓலை வாசிப்பது அதற்குப் பிறகு நடக்கும் தமிழ்ப் பூசையில். தோட்டத்துச் சனங்கள், கடைக்காரர், பிள்ளைகள் எல்லோரும் இரண்டு ஞாயிறு உன் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். நான் அந்த நேரத்தில் வீட்டில் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டு இருந்திருக்கிறேன். மருந்துக்கடைப் பையனும் மரக்கறிக்காரியும் இரண்டு வாரமாக என்னைக் கண்டதும் ஏன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள் என்பது இப்போது விளங்குகிறது. ஆங்கிலப் பூசைக்குத்தான் அம்மா போவாள் என்பதை உன்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? இதை நீ தற்செயலாகச் செய்யவில்லை. ஃபாதருக்கு எழுதும்போது 'அம்மாவுக்கு எல்லாம் தெரியும்' என்று ஒரு வரி சேர்த்திருப்பாய். நல்லவர், நம்பியிருப்பார்.

பரிசு கொடுக்க என்னை அழைத்தார்கள். கொடுத்தேன். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் படித்த பள்ளியில் கன்னியாஸ்திரிமார் எங்களுக்குச் சபையில் நிற்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எந்த நிலையிலும் முதுகு வளையக் கூடாது. "துஷாந்த் என் நடையைச் சரியாகப் பிடித்திருக்கிறார். குடையைத்தான் தவறான கையில் பிடித்துவிட்டார்" என்றேன். சிரித்தார்கள். அதோடு இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அத்தனை முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. என் வீட்டில் நடப்பது எனக்கே தெரியாது என்று அவர்களில் ஒருவர்கூட அறிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். "கலியாணத்துக்கு நீங்கள் எல்லோரும் வர வேண்டும். இதுவே என் அழைப்பு" என்றேன். சொன்னது என் வாய் என்பது கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

பிறகு நூலகத்தில் தேநீர். மற்றவர்கள் வெளியே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிரோஜினி இரண்டு கோப்பைகளோடு வந்து, உட்காரட்டுமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். சத்தமில்லாமல்தான் குடித்தாள். நான் கவனித்தேன்.

"பசங்க கொஞ்சம் ஓவராப் போயிட்டாங்கம்மா, மன்னிச்சுக்கங்க" என்றாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கணும். நீங்க மேடையில நிக்கிறப்ப ஒங்க மொகம் ஒரு மாதிரி இருந்திச்சு. அவரு ஒங்ககிட்ட சொல்லிட்டாருதானே?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். நீ அவளிடம் சொல்லியிருக்கிறாய்: 'அம்மாவுக்குச் சம்மதம், ஆனால் கொஞ்சம் கௌரவம் பார்ப்பாங்க, அவங்களா வாய் திறக்கும்வரை நீ இதைப் பற்றிப் பேசாதே.' அதனால்தான் அவள் கோயில் வாசலிலும் கடைத்தெருவிலும் என்னைக் கண்டால் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்டாளாம். எவ்வளவு கெட்டிக்காரன் நீ! என் சுபாவத்தையே எடுத்து எனக்குச் சுவராகக் கட்டியிருக்கிறாய்.

"அவரு மொதல்ல கேட்டப்பவே நான் சொல்லிட்டேம்மா," என்றாள். "நீங்க மனசார சம்மதிக்காம அந்த வீட்டுப் படியேற மாட்டேன்னு. எங்கம்மா எத்தனையோ கிளாக்கரய்யாமார் வீட்டுப் படிக்குக் கீழ நின்னு, தனிக் கோப்பையில தேத்தண்ணி வாங்கிக் குடிச்சவங்க. நான் அப்படி நிக்க மாட்டேன். அவரில்லாம இருந்துருவேன்."

யாருடைய படி என்று அவள் சொல்லவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. வகுப்பில் ஒரு விடயத்தை விளக்குவதுபோலச் சொன்னாள்.

உனக்குத் தெரியும், நான் பொய் சொல்கிறவள் அல்ல. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மேசையிலேயே உன் கலியாணம் நின்றுபோயிருக்கும். "மேடையில் நான் சொன்னதை நீ கேட்டாய்தானே?" என்றேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கேட்டேம்மா" என்றாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் நம்பாததைக்கூட மரியாதைக்காக ஏற்றுக்கொள்வார்கள்.

வாசலில் துஷாந்த் இன்னும் பவுடர் முகத்தோடு நின்று மன்னிப்புக் கேட்டான். கையில் பிடித்திருந்த குடையை உடனே மறு கைக்கு மாற்றிக்கொண்டான். பரீட்சையை ஒழுங்காக எழுது என்று சொல்லிவிட்டு வந்தேன். கை உயர்த்திச் சத்தியம் செய்திருந்தேனே, கோபிக்கவும் முடியவில்லை. ஆனால் அந்தச் சத்தியம் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்தது. உனக்குச் செய்யவில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. நுவரெலியா வங்கி மனேஜருடைய மகள் டிலானியை உனக்கு நான் பேசி வைத்திருந்தேன், அது நடக்காது என்று அவர்களுக்கு இன்று காலையிலேயே சொல்லிவிட்டேன். அந்த அவமானம் என்னோடு போகட்டும். பெண் எந்தத் தோட்டம், தகப்பன் என்ன வேலை என்று உன்னிடம் சண்டை போட இந்தக் கடிதத்தை எழுதவில்லை. தன் வார்த்தையில் நிற்கிற ஒரு பெண்ணுக்கு, அவள் கேட்ட ஒரே ஒரு காரியத்தில் நீ பொய் சொல்லியிருக்கிறாய். என்னை ஏமாற்றியதை நான் தாங்கிக்கொள்வேன், தாய்மார் அதற்குப் பழகியவர்கள். அவள் ஏன் தாங்க வேண்டும்?

மிலான் இதைத் தரும்போது வெள்ளி இரவு. உனக்குச் சனிக்கிழமை முழுவதும் இருக்கிறது. அவளை அழைத்து எல்லாவற்றையும் சொல். என்னைக் கேட்கவே இல்லை என்று சொல். நேற்று மண்டபத்தில்தான் எனக்கே தெரியும் என்று சொல். அதற்குப் பிறகு அவள் வேண்டாம் என்றால், நான் அவள் பக்கம் நிற்பேன். நானே ஃபாதரிடம் போய் நிறுத்துவேன். அவள் சரி என்றால், அம்மாவின் சம்மதத்தை அம்மாவே அவளிடம் நேரில் சொல்வாள் என்று சொல். அதை உன் மூலம் அனுப்ப எனக்கு இனிமேல் விருப்பமில்லை.

ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு என்னோடு வந்து பக்கத்தில் இருக்கச் சொல்லி நிரோஜினியைக் கேட்டிருக்கிறேன். வருவதாகச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நீ பேசினாயா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது ஓலையை வாசித்துவிட்டு, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் கேட்பார். எனக்கு ஒரு தடை தெரியும், மகனே. அதைச் சபை நடுவில் எழுந்து நின்று என் வாயால் சொல்ல வைத்துவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்த வெயிலில் வெறுங்காலோடு நடக்காதே. உண்மை பேச வேண்டிய நேரத்தில் கர்த்தர் உனக்கு நாவும் நெஞ்சும் தருவாராக.

என்றும் உன்
அம்மா,
றோசலின் தம்பையா