மேட்டில் நின்று சொன்ன பொய்

என் பிரியமான அப்பா,

இத்தாலிக்குப் போய்விட்டு வந்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. நீங்கள் போய் ஏழு மாதம்தான் ஆகிறது. கொள்ளி வைத்தவன் வருஷம் திரும்பும்வரை மலை ஏறக் கூடாது. நான் ஒரே நாளில் இரண்டு ஏறினேன்.

போன கோடையில் இங்கே அமெரிக்காவில், நம் காப்பெல் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டிவியில் அந்த ஊர்களைப் பார்த்தீர்களே, நினைவிருக்கிறதா? குன்றின் உச்சியில் கல் வீடுகள், சுற்றிலும் கோட்டைச் சுவர். "அத்தன உசரத்துக்குத் தண்ணி எப்படிக் கண்ணு ஏத்துனாங்க?" என்றீர்கள். கோயம்புத்தூரில் நாற்பது வருஷம் பம்ப்செட் கடை வைத்திருந்தவருக்கு வேறென்ன தோன்றும்? "ஒருக்கா போயிப் பாத்துட்டு வந்தரலாமா?" என்று கேட்டீர்கள். "உங்க முட்டிக்கு அந்த மேடெல்லாம் ஆகாதுப்பா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றேன். ஊருக்குத் திரும்பிய மூன்றாம் மாதம், கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள்.

கிருத்திகைக்குக் கிருத்திகை பஸ்ஸை விட்டுவிட்டு மருதமலைப் படி ஏறிய முட்டி அது. எனக்குத் தெரியாதா? போகிற இடமெல்லாம் உங்களுக்குத் தயிர்ச்சோறு தேடி அலைய வேண்டுமே என்ற சலிப்பு, அப்பா. நாங்கள் மூன்று பேர் மட்டும் ஜாலியாகச் சுற்ற ஆசை. அவ்வளவுதான் காரணம்.

முதல் ஊரில் காலை முழுக்க நடந்தோம். சதுக்கத்தின் நடுவே ஒரு பழைய கல் கிணறு இருந்தது. பக்கத்துக் கடைக்கார அம்மாவிடம் உங்கள் கேள்வியைக் கேட்டேன். தண்ணீரை அவர்கள் ஏற்றவே இல்லையாம்! கூரைகளில் விழும் மழைத்தண்ணீரை இறக்கி, சதுக்கத்துக்கு அடியில் தொட்டி கட்டிச் சேர்த்தார்களாம். நீங்கள் இருந்திருந்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவிடம் தமிழிலேயே இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பீர்கள். நான் ஒரு போட்டோ எடுத்தேன். யாருக்கு அனுப்புவது?

இரண்டாவது ஊரில் மதியச் சாப்பாடு. பூண்டு போட்டு வேகவைத்த வெள்ளை பீன்ஸ், தக்காளியில் ஊறிய ரொட்டி, கையாலேயே உருட்டிய தடித்தடியான நூடுல்ஸ். உங்கள் மருமகள் இரண்டு வாய் சாப்பிட்டதும் நிமிர்ந்தாள். "மாமா இதெல்லாம் நல்லா சாப்ட்ருப்பாருங்க. தயிர்ச்சோறே கேட்ருக்க மாட்டாரு." அவள் சும்மாதான் சொன்னாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, கோட்டைச் சுவரோரம் போய் நின்றேன்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். ரோமில் ஆபீஸ் மீட்டிங், குடும்பத்தோடு போகிறேன் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

"பக்கத்து வீட்டுச் சரசு மருதமலைக்குக் கூப்பிட்டா கண்ணு. எம் பையன் அங்க ஒரு மேடு ஏறாம இருக்கறான், நான் வருவனான்னு சொல்லிப் போட்டேன். செரிதான?"

"ஆமாம்மா" என்றேன், கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு. கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது.

பக்கத்தில் உங்கள் பேத்தி மதுரா, "பாட்டி, வீ ஆர் ஆன் எ..." என்று ஆரம்பித்தாள். சட்டென்று மியூட் பண்ணினேன். பேசி முடித்ததும் அந்த எட்டு வயசுப் பெண் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "அப்பா, வொய் டிட் யூ லை டு பாட்டி?"

என் அப்பாவிடமும் இப்படித்தான் ஒரு பொய் சொன்னேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நாளை ஞாயிற்றுக்கிழமை. அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். மலை ஏறியதற்குத் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அம்மா திட்ட மாட்டார். "அவரையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமல்ல கண்ணு" என்பார். அதற்குத்தான் பயந்துகொண்டிருக்கிறேன்.

ஆனாலும் சொல்வேன், அப்பா. இந்தத் தடவை உங்கள் முட்டியைக் காரணம் காட்ட மாட்டேன்.

உங்களை விட்டுவிட்டு மலை ஏறிய மகன்,
செந்தில்