எட்டு மாடியும் பாதி பிளேடும்

இன்று காலை பேனா முள் தேடித் தகரப் பெட்டியைக் கவிழ்த்தபோது உன் பாதி பிளேடு வந்து விழுந்தது. நாம் படம் வரைகிற டிரேசிங் துணியின் ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தேன். துணி பழுப்பேறிப்போயிருக்கிறது, பிளேடில் மட்டும் துரு இல்லை. என் முழு பிளேடுகள் ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை. உன் பொருள் மட்டும் எப்படித்தான் இப்படி நிற்கிறதோ, எனக்கு அப்போதும் புரிந்ததில்லை, இப்போதும் புரியவில்லை.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தவன் எழவில்லை என்றார்கள். உன் சாவுக்கு வந்தவர்களில் எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. ஏன் என்று உன்னிடம்தான் சொல்ல முடியும். தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கிய கூட்டம் அல்சூரில் உங்கள் சந்து கொள்ளாமல் நின்றது. அதைப் பார்த்ததும், நான் செத்தால் மல்லேஸ்வரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பதினைந்தைத் தாண்டவில்லை. அதிலும் மூன்று பேர் சந்தேகம். பாடையில் கிடந்தவன் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு நின்ற ஆள் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அது அன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. நீ எங்கள் அலுவலகத்து மாடிப்படி ஏறி வந்த முதல் நாளே ஆரம்பித்தது. அதற்கு முன் கட்டடப் படம் வரைவதில் கண்டோன்மென்ட் பக்கம் என்னைவிடக் கைதேர்ந்தவன் இல்லை என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். அப்பா மைசூர் சர்க்கார் உத்தியோகம், அலுவலகத் தலைவரான சீஃபுக்குத் தெரிந்தவர், ஜன்னலோர மேஜை எனக்கு. நீ தங்கவயலில் சுரங்கப் படங்கள் வரைந்துகொண்டிருந்துவிட்டு, ஒரு துணிப்பையோடு வந்தாய். ஒரு வாரத்தில் சீஃப் உன் மேஜைக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். என் மேஜைக்கு வந்தால் ஜன்னல் வழியே மழை வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்.

உனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. “இன்னா கவர்மெண்ட்டு, காபி குடிக்கலாமா?” என்று வந்து நிற்பாய். அப்பாவின் உத்தியோகத்துக்காக எனக்கு வைத்த பெயர் அது. கீழே ஹோட்டலில் பை-டூ சொல்வோம். ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவான். எது கொஞ்சம் அதிகமாக இருக்கிறதோ அதை என் பக்கம் தள்ளுவாய். அதுவும் எனக்குப் பிடிக்காது. தள்ளுகிற இடத்தில் நான் இருந்திருக்க வேண்டாமா?

ஒரு நாள் காபி குடிக்கும்போதுதான் சுரங்கத்தைப் பற்றிச் சொன்னாய். “உங்க பில்டிங்கு கீழேருந்து எண்ணிக்கினு மேல போவும். எங்க ஊர்ல ஒண்ணுன்னா மேல இருக்கறது. எண்ண எண்ண கீழ போவும். எங்க நைனா வேலை செஞ்ச லெவலு ரொம்ப பெரிய நம்பரு. ஊட்ல அதை யாரும் சொல்ல மாட்டோம், எங்கம்மாவுக்கு பயம்.” நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள். எனக்குத் தெரியாது என்று நான் எங்கேயும் சொல்ல முடியாது.

பிறகு அந்த எட்டு மாடி வந்தது. சவுத் பரேடுக்குப் பக்கத்தில், ஓட்டு வீடும் தோட்டமுமாக இருந்த இடத்தில். கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மேலே மூன்று மாடிகளில் குடித்தனங்கள். இந்த ஊரில் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. கடைக்கு மேலே ஆபீஸ், ஆபீஸுக்கு மேலே ஒருத்தி ரசம் வைப்பாளாம் என்று எங்கள் வீட்டில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை வரைகிறவன் கை இந்த ஊரின் மேலேயே இருக்கும், அது என் கையாக இருக்க வேண்டும் என்று ராத்திரி பகல் அதே நினைப்பு. சீஃப் உன்னிடம் கொடுத்தார். “உயரம்னாலும் ஆழம்னாலும் ஒண்ணுதான், இவனுக்குப் பழக்கம்” என்றார். எனக்கு மதில் சுவரும் சைக்கிள் ஸ்டாண்டும் கொடுத்தார். சைக்கிள் ஸ்டாண்டு!

ஒருவர் வரைந்தால் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். சந்தேகம் வந்த இடத்தில் நீலப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்போம். உன் குறுக்குவெட்டுப் படத்தைச் சரிபார்க்க என்னிடம் தந்தார்கள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஒரு கோடு தடித்து இன்னொன்று மெலிந்து, லிஃப்டு போகும் குழி நேராக இறங்கி, எல்லாம் அவ்வளவு சுத்தம். ஓரத்தில் ஒரு பட்டியல்: சமையலறை, குளியலறைக் குழாய்களுக்குத் தளத்தில் ஓட்டை விட வேண்டிய மாடிகள், ஒன்று, இரண்டு, மூன்று.

குடித்தனங்கள் இருப்பது ஆறு, ஏழு, எட்டில். உன் கை பழக்கத்தில் மேலிருந்து எண்ணிவிட்டது. பார்த்த உடனே புரிந்தது. என் கையும் அதன் பழக்கத்தில் ஒரு நீலப் புள்ளி வைத்துவிட்டது. பிறகு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ இரண்டு மேஜை தள்ளி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாய். சீஃப் கண்ணில் படட்டும், ஒரு தடவையாவது இவன் திட்டு வாங்கட்டும் என்று நினைத்தேன். ரப்பரை எடுத்துப் புள்ளியை அழித்தேன். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். சீஃப் என் எழுத்தைப் பார்த்துவிட்டுப் பட்டியலைப் பார்க்காமலே தன் கையெழுத்தைப் போட்டார்.

முதல் தளம் போட்டு முட்டுப் பலகை பிரித்த அன்று மேஸ்திரி ஆபீஸுக்கே வந்துவிட்டார். ஆற்காட்டுக்காரர். “கடைக்குள்ள எதுக்கு சாமி இத்தினி ஓட்டை? துணி வாங்க வர்றவங்க தலையில தண்ணி ஊத்தவா?” என்றார். சீஃப் படத்தை மேஜையில் விரித்து, “ஏனிது?” என்று நம் இருவரையும் கன்னடத்தில் கேட்டார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான்.

நீ ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாய். “என் தப்பு சார். சுரங்கத்து எண்ணிக்கையில போட்டுட்டேன்” என்றாய். அவர் என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய்: “அவன் கேட்டான் சார். நான்தான் சரின்னு சொல்லி அனுப்பிச்சேன்.”

நான் கேட்கவில்லை. அது உனக்குத் தெரியும்.

மாடிப்படியில் என்னை நிறுத்தினாய். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். “டிரேசிங் துணியில ரப்பர் போட்டா அந்த இடத்துல பளபளப்பு பூடும்டா. வெளிச்சத்துல புடிச்சா தெரியும்” என்றாய். பிறகு சட்டைப் பையிலிருந்து, மைக் கோட்டைச் சுரண்டி அழிக்க வைத்திருந்த பிளேடு ஒன்றை எடுத்து, காகிதத்தோடு வைத்து நடுவில் ஒடித்து, ஒரு பாதியை என் கையில் வைத்தாய். “அடுத்த தபா தப்பைச் சுரண்டு. புள்ளியைச் சுரண்டாத.” அவ்வளவுதான். அன்று சாயங்காலமும் பை-டூ சொன்னாய். அன்றும் அதிகம் இருந்த டம்ளரை என் பக்கம் தள்ளினாய்.

அந்த வேலையை உன்னிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். மீதி நான் செய்ததெல்லாம் அங்கங்கே திருத்தியதுதான். வரைந்தவர் என்ற கட்டத்தில் இருந்த உன் இரண்டெழுத்தைச் சுரண்டிவிட்டு என் எழுத்தைப் போடச் சொன்னார்கள். எதை வைத்துச் சுரண்டினேன் என்று கேட்காதே. நீ ஆறு மாதத்தில் ஒரு தொழிற்சாலைக்கு வேலை மாறிப் போனாய். கட்டடம் எழுந்தது. “நீங்க வரைஞ்ச பில்டிங்காமே!” என்று கேட்கிறவர்களிடம் ஆமாம் என்றேன். இத்தனை வருஷமாக ஆமாம் என்றேன். அதன் கீழ்த்தளத்து ஜவுளிக் கடைக்குப் போனால் மட்டும் மேலே பார்க்க மாட்டேன். பூசி அடைத்த வட்டங்கள் சுண்ணாம்புக்குள்ளிருந்து இன்னும் தெரிகின்றன.

உன் மனைவி, உன்னை எடுத்த அன்று என்னிடம் வந்து, “அந்தப் பெரிய கட்டடத்தைக் காட்டி, என் சிநேகிதன் போட்டதுன்னு சொல்வாருண்ணா. எப்பவும் சொல்வாரு” என்றாள். வீட்டில்கூட நீ சொல்லவில்லை. ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா? திட்டக்கூட விடாமல் நல்லவனாகவே போய்ச் சேர்ந்துவிட்டாய். அதற்கும் எனக்கு ஆத்திரம்தான்.

இன்று பிளேடோடுதான் ஆபீஸுக்குப் போனேன். அலமாரியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து விரித்தேன். வரைந்தவர் கட்டத்தில் இருந்த என் எழுத்தைச் சுரண்டினேன். அங்கே உன் இரண்டெழுத்தை எழுதினேன். சுரண்டிய இடத்தில் சாக்பீஸ் பொடி தேய்த்து, நகத்தால் வழித்துவிட்டுத்தான் மை தொட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அவசரத்தில் மறந்துபோனேன். மை ஊறிவிட்டது. உன் எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல் கோட்டைத் தாண்டி வெளியே பரவி, அந்தப் படத்திலேயே பெரிய எழுத்தாக நிற்கிறது. பக்கத்துக் கட்டத்தில் சரிபார்த்தவனாக என் எழுத்து அப்படியே சின்னதாக இருக்கிறது. அதை நான் தொடவில்லை.

சீஃப் கேட்டால் சொல்லிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரிண்டு எடுத்து உன் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், உன் மனைவியிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல. பிளேடு என்னிடமே இருக்கட்டும்.

என் பெயரை யாரும் இவ்வளவு பெரிதாக எங்கேயும் எழுதப்போவதில்லை என்று அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நினைத்தேன். பொறாமையாகத்தான் இருந்தது. நாற்பது நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. துணியில் சிந்திவிடக் கூடாதே என்று படத்தைத் தள்ளி வைத்துவிட்டு அழுதேன்.