மூன்றாவது கட்டம்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றும் கிடைக்கவில்லையா, கிடைத்தும் பிரிக்காமல் வைத்திருக்கிறாயா? போன் செய்தால் மணி மட்டும் அடிக்கிறது.

திங்கட்கிழமை மேய்ச்சல் வெளியை உழப்போகிறார்கள். உழுது, வரிசையாக மரக்கன்று நட்டு, சுற்றிலும் கம்பிவேலி போடுவார்களாம். ஓடைக்கு அந்தப்பக்கம் இயந்திரம் வந்து நிற்கிறது. "தரிசு நில மேம்பாடு" என்று பலகை வேறு. நம் நாற்பது ஆடும் இனி எங்கே போகும் என்று கேட்டால், பலகையைக் காட்டுகிறார்கள்.

நேற்று நில அலுவலகத்துக்குப் போனேன். பெரிய அதிகாரி நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். அது தரிசு இல்லை ஐயா என்று படபடவென்று கொட்டிவிட்டேன். ஓடையோரம் ஈரப்புல், மேட்டில் குறும்புல், நடுவில் ஆள் மறையும் நெடும்புல், அதற்கப்புறம் ஒற்றைமர வெளி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்துக்கு என்றேன். நீ படிக்கிற காலத்தில் புத்தகத்தைக் காட்டிச் சொன்ன சவன்னா என்ற புல்வெளியையும் விடவில்லை. அவர் கேட்டுவிட்டு, "இத்தனை பேரு இருக்கலாம்மா, பதிவேட்டுல தரிசுங்கிற ஒரே பேருதான் இருக்கு" என்றார். அளந்து கையெழுத்துப் போட்டவரே தவறாகப் பதிந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதித் தந்தால் வேலையை நிறுத்தலாமாம். கையெழுத்து யாருடையது என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. மழைக்கு முன் பழைய புல்லுக்குத் தீ வைத்த வாரத்தில் நீ அளக்க வந்தாய். புதுத்தளிர் வரத்தான் தீ வைப்போம், சிறுவயதில் நீயும் வைத்தவன்தான். அன்று தரை கன்னங்கரேல் என்று கிடந்தது. உன் படிவத்தில் காடு, வயல், தரிசு என்று மூன்றே கட்டம். "எதுலக்கா போடட்டும்?" என்று வாசலில் நின்று கேட்டாய். நான் அடுப்படியிலிருந்தே, "காடும் இல்ல, வயலும் இல்ல, மிச்சம் இருக்கிறதுல போட்டுட்டுச் சாப்பிட வாடா, ஆறிப்போகுது" என்று கத்தினேன். நீயும் சிரித்துக்கொண்டே போட்டாய்.

உன் மாமாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இன்று காலையிலிருந்து ஒற்றை மரத்தடியில் படுத்திருக்கிறார். உழவு அங்கேதான் தொடங்குமாம். சாப்பாடு கொண்டுபோனேன், தொடவில்லை. "என் மேல ஏத்திட்டு அப்புறம் உழட்டும்" என்கிறார். உன் புத்தகத்தைக் கேலி செய்து சவன்னா என்று பெயர் வைத்தாரே அந்த மணி கட்டிய கிழட்டு ஆடு, அதுவும் அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. அவருடைய பிடிவாதம் உனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி.

அந்த வரியை எழுதினால் உன் வேலைக்கு ஆபத்து என்று தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். வேலை போனால் குடும்பத்தோடு இங்கே வந்துவிடு. எங்களுக்கு ஒரு வாய் இருந்தால் உங்களுக்கும் உண்டு. ஆனால் வருவதற்கு இந்த இடம் இருக்க வேண்டும், வாடா என்று கூப்பிட உன் மாமா இருக்க வேண்டும்.

தபாலில் போட்டால் நாளாகும் என்று பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ எழுதித் தரும்வரை உன் வாசலை விட்டு நகர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவரைக் காக்க வைக்காதே. நீயும் உன் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அந்தக் கட்டத்தை உனக்குக் காட்டிக்கொடுத்த அக்கா