அம்பத்தூரில் ஒரு ஹீட்டர்

என் குன்னூர்க்காரிக்கு,

நீ குன்னூருக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது என்பதற்காக இல்லை, நம் காரைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். கள்ளிக்குப்பம் மெக்கானிக் யூஜினிடம் ஹீட்டர் காயிலை மாற்றச் சொன்னேன்.

"இன்னா சார், இந்த வெயில்ல ஹீட்டரா? அன்னிக்கு லீக்கானப்போ ஹீட்டரே வேணாம், ஓஸ் பைப்ப நேரா சேத்து உட்டுருன்னு நீங்கதான சொன்னீங்க?"

ஆமாம், நான்தான். உன்னைக் கேட்கவில்லை. அதன்பின் மலையேறும்போதெல்லாம் நீ காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்வாய்.

இரண்டு நாள் வேலை. ஸ்டியரிங், மீட்டர், டேஷ்போர்டு எல்லாம் கழன்று தரையில் கிடக்க, கடைசியில் தெரிந்தது நோட்டுப்புத்தக அளவில் ஒரு காயில்.

"கம்பெனில இத்த மொதல்ல வெச்சுட்டுதான் சார், மத்ததெல்லாம் சுத்தி கட்டிக்கினு வருவாங்க."

பதினாறு வருடம் ஓட்டியிருக்கிறேன், இவ்வளவும் எதைச் சுற்றி நிற்கிறது என்று தெரியாமலே.

இன்று நாற்பது டிகிரி வெயிலில் ஹீட்டரைப் போட்டுப் பார்த்தேன். சட்டை நனைந்தும் இறங்க மனம் வரவில்லை. சூடு முதலில் உன் சீட்டின் காலடியில்தான் வருகிறது.

சனிக்கிழமை மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி போன் செய்கிறேன். மேலே வரலாமா என்று அப்போது சொல்.

டிரைவர் சீட்டிலிருந்து,
நான்