எழும்பூர் வரைக்கும் ஹைதராபாத்

ஞாயிறு, ராத்திரி.

தூக்கம் வரவில்லை. நான் மாடம்பாக்கம் கோயிலுக்குப் போனதாகத்தான் சுதா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்கும் தாம்பரத்தில் ஹைதராபாத் வண்டியில் ஏறினேன். எழும்பூர் வரைக்கும்தான் டிக்கெட். அதுவரை அந்த ஊருக்கே திரும்பிப் போகிற ஆள் மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கலாம். ரிட்டயர் ஆனதும் சொந்த வீடு என்று அங்கிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வந்தோம். ஃப்ளாட்டில் மூச்சு முட்டுகிறது.

எதிரே ஓர் அம்மாவும் மகளும். அந்தப் பெண்ணுக்கு ஹைதராபாத்தில் முதல் வேலையாம். "நீங்க எதுவரைக்கும் சார்?" என்று அந்த அம்மா கேட்டார். "ஹைதராபாத்" என்று வாய் சொல்லிவிட்டது. அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. சாயங்காலம் ஏரிக்கரையில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காற்று வரும், எந்த ஈரானிக் கடையில் டீ நன்றாக இருக்கும், பழைய புத்தகத்துக்கு எந்தச் சந்து என்று என் ஊரையே கொட்டினேன். அவள் போனில் குறித்துக்கொண்டாள்.

"இறங்கினதும் எங்களை ஒரு ஆட்டோல ஏத்தி விட்டுடுங்க சார்."

"கண்டிப்பாம்மா."

எழும்பூரில் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லி இறங்கிவிட்டேன். கடையோரம் ஒதுங்கி நின்றேன். வண்டி நகர்ந்தது. அந்தப் பெண் வாசலுக்கு வந்து கையை நீட்டி, "அங்கிள், ஓடி வாங்க, வண்டி கிளம்பிடுச்சு!" என்று கத்தினாள்.

ஓடினேன். நிஜமாகவே ஓடினேன்.

சுதா பக்கத்தில் தூங்குகிறாள். அந்தக் கை எட்டியிருந்தால் ஏறியிருப்பேன்.