பழி போட ஒரு பியானோ

மார்ச் 4
இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வு மே மாதம். முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தடையாக நிற்பது என் கீபோர்டு மட்டுமே. தடவினாலும் அறைந்தாலும் ஒரே சத்தம் போடும் ஜடம். இதில் பழகி யார் உருப்பட முடியும்? அண்ணனிடம் சொன்னேன். “போன வருஷம் நாற்காலி சரியில்லன்னு சொன்ன” என்றான். கலையுணர்வு இல்லாத குடும்பம்.

மார்ச் 11
பெரியம்மா வீட்டைக் காலி செய்து வெளியூர் போகிறாள். அவளுடைய பியானோ இனி எங்கள் வீட்டில் இருக்குமாம். உயர்ந்த ரகம். என் தகுதி ஒருவழியாக விதிக்குப் புரிந்திருக்கிறது.

மார்ச் 15
பியானோ உள்ளே வந்தது. சாப்பாட்டு மேசை பால்கனிக்குப் போனது. என் கணவர் தூறலில் உட்கார்ந்து சாப்பிட்டார். “நல்லா காத்து வருது” என்றார். தியாகிகள் இப்படித்தான் பேச வேண்டும்.

மார்ச் 16
வாசித்தேன். பியானோவில் ஏதோ கோளாறு.

மார்ச் 19
சுருதி சேர்ப்பவர் வந்து பார்த்தார். கோளாறே இல்லையாம். கவனமில்லாத மனிதர்.

மார்ச் 22
எனக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் வீட்டுக்கே வந்து நான் வாசிப்பதைக் கேட்டார். “இடது கை அதட்டுது, வலது கை பயந்து ஒளியுது. கீபோர்டு எல்லாத்தையும் மறைச்சிருக்கு. இப்பத்தாம்மா உன் கையே எனக்குக் கேக்குது.”
இத்தனை வருஷமா? ஒருத்தர்கூடச் சொல்லலையே — எப்படிச் சொல்வாங்க, கேட்டாத்தானே. நல்ல கருவி வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு? நான்தான்.

ஏப்ரல் 2
நாள் முழுக்க நான்கே சுரங்கள். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினாள். “முன்னல்லாம் நல்லா வாசிப்பீங்களே, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

ஏப்ரல் 20
வலது கை வாயைத் திறந்தது. ஒரு வரிக்கு மட்டும்.

மே 9
தேர்வு. கல்லூரிப் பியானோவில் மூன்று கட்டைகள் அழுத்தினால் எழுந்திருக்க மறுத்தன, பெடல் முனகியது. இசையைக் காக்கும் நிறுவனத்துக்குத் தன் பியானோவைக் காக்க நேரமில்லை போலும். “தப்பா எடுத்துக்காதீங்க” என்றார் தேர்வாளர். வாசித்தேன். பாதியில் இடது கை பழையபடி அதட்ட ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துக் கட்டைகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன.

மே 24
பட்டியலில் நான் இல்லை.
அண்ணன் போன் செய்தான். குரலில் அபூர்வமாக ஒரு கனிவு. “விடு. அங்க இருந்த பியானோவே சுத்த டப்பாவாமே? நீ என்ன பண்ணுவ?”
“நல்ல பியானோதாண்ணா” என்றேன்.
மாலையில் இடது கை மட்டும். மெதுவாக.